அடுக்களையில் ஒரு மார்கழி

சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமோ? அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி கப்பலேறி வந்து, 1842-ல் எழுந்த அந்தக் கட்டடத்தில்தான் குடியிருந்தது!

நமக்கு ஐஸ் அனுப்பிய அமெரிக்கர் வீட்டிலும் வெகுகாலம் அதே ஐஸ்தான். மரப்பெட்டியில் அதை வைத்துப் பாலையும் வெண்ணெயையும் காப்பாற்றினார்கள். எத்தனை ராத்தல் வேண்டும் என்று ஜன்னலில் அட்டை மாட்டி வைப்பாள் வீட்டு அம்மாள். ஐஸ்காரன் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவான். பெட்டிக்கடியில் சேரும் நீரைக் கொட்ட மறந்தாலோ, அடுக்களையே தெப்பக்குளம்!

மின்சாரப் பெட்டி வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது, வேறொன்று முளைத்தது. கையில் ஸ்பிரிட் தடவினால், அது ஆவியாகும்போது ஜில்லென்று இருக்கிறதல்லவா? பெட்டியின் சூட்சுமமும் அதுவே. ஆனால் அதன் குழாய்களில் ஓடியவை அம்மோனியா, கந்தக டையாக்ஸைடு போன்ற நச்சு வாயுக்கள். பெர்லினில் ஒரு குடும்பமே குழந்தைகளோடு அந்த வாயுக் கசிவில் மாண்ட செய்தியைப் பத்திரிகையில் படித்து மனம் நொந்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ஐன்ஸ்டீன்! 1926-ல் ஸிலார்டு என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, கசியாத பெட்டி செய்ய முனைந்தார். 1930-ல் அமெரிக்காவில் பேடண்டும் கிடைத்தது. பெட்டிதான் கடைக்கு வரவில்லை.

கடைக்கு வந்தது வேறு. 1927-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி, யந்திரத்தை இறுக மூடித் தலையில் சுமக்கும் பெட்டியை விற்றது. அடுத்து 'ஃப்ரியான்' என்ற வாயு வந்தது. எரியாது; நாறாது; ஆளைக் கொல்லாது. விலையும் இறங்கவே, 1940-ல் அமெரிக்காவில் நூற்றுக்குச் சுமார் 44 வீடுகளில் மின்சாரப் பெட்டி புகுந்துவிட்டது. நம் நாட்டில் கோத்ரெஜ் 1958-ல் தயாரிக்கத் தொடங்கியது.

கதை சுபமாக முடிந்தது என்கிறீர்களா? 1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இருவர் ஒரு குண்டைப் போட்டார்கள். வீட்டுக்குள் பரமசாதுவான ஃப்ரியான், வானத்துக்கு ஏறியதும், சூரியனின் கடுங்கதிரைத் தடுக்கும் ஓஸோன் குடையை அரிக்கிறது என்றார்கள்! 1987-ல் மாண்ட்ரீலில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. அந்த வாயுவுக்குப் படிப்படியாக விடை கொடுத்தாயிற்று. குடையும் மெல்ல மெல்லத் தேறி வருகிறது.

ஆகவே, பழைய ஃபிரிட்ஜைக் காயலான் கடைக்குத் தள்ளுமுன் ஒரு நிமிஷம் பொறுங்கள். குழாயை வெட்டுவதற்கு முன் வாயுவை முறைப்படி எடுத்துவிடுவார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைகள் விளையாடுவதும் அந்தக் குடையின் கீழேதானே?