ஹொக்கி மட்டையும் புறக்காழும்

விழா என்று ஒன்று வந்துவிட்டால் வாயில்வளைவு எழுப்புதலும், கொடையாளர் பெயரைக் கல்லிற் பொறித்தலும் நம்மவர் வழக்கம். அவை வேண்டா என்று நாம் கூறவில்லை. ஆயினும், பழைய மாணவர் மனமுவந்து அளிக்கும் பொருள் கல்லோடு நின்றுவிடாமல், கற்கின்ற பிள்ளையின் கையிலும் சென்று சேர்தல் வேண்டும் என்பது எமது கருத்து. அக்கருத்தை விளக்குதற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அஃது ஒரு ஹொக்கி மட்டை. தமிழாசிரியருக்கு மட்டையோடு என்ன உறவு என்று புன்முறுவல் செய்வோர் சற்றே பொறுத்திருப்பாராக. உறவு உண்டு, அதனைப் பின்னர்க் காட்டுவோம்.

உதைபந்தாட்டத்துக்குப் பந்து ஒன்று போதும். இருபத்திரண்டு பேரும் அதனைக்கொண்டே ஆடிவிடுவர். ஹொக்கிக்கோ பந்து ஒன்றும் மட்டை இருபத்திரண்டும் வேண்டும். எனவே, இவ்விளையாட்டில் யார் ஆடுவர், யார் வேலியோரத்தில் நின்று பார்ப்பர் என்பதைத் திறமைக்கு முன்னரே மட்டை தீர்மானித்துவிடுகின்றது. காபன் நார் மிகுந்த உயர்தர மட்டை ஒன்றின் விலை, கூலித் தொழிலாளி ஒருவரின் பல நாள் ஊதியத்தை விழுங்க வல்லது. அத்தகைய தந்தையின் மகன் மட்டை வேண்டும் என்று வீட்டில் வாய் திறப்பானா? திறவான். ஆட்டத்தில் விருப்பமில்லை என்று பொறுப்பாசிரியரிடம் கூறிவிட்டு அகன்றுவிடுவான். நாம் அதனை நம்பியும்விடுவோம். இதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய குறை.

மட்டை முன்னாளில் எவ்வாறு இருந்தது என்பதை முதலில் நோக்குவோம். பஞ்சாப்பிலுள்ள சியால்கோட் நகரத்துக் கைவினைஞர், மல்பெரி எனப்படும் முசுக்கட்டை மரத்தை வெம்மையால் இளக்கி, அதன் இழையோட்டம் அறுந்துவிடாதபடி வளைத்துத் தலைப்பகுதியை ஆக்கினர். அதன் கழுத்திலே பிரம்பினாலான கைபிடியைப் பொருத்தி, அடியின் அதிர்ச்சி கையைத் தாக்காதவாறு பிரம்புகளுக்கிடையே இறப்பரையும் வைத்தனர். 1947 ஆம் ஆண்டிலே நாடு பிரிந்தபொழுது அக்கைவினைஞருட் பலர் எல்லை கடந்து ஜலந்தர் நகரிற் குடியேறினர். அன்றுதொட்டு இரு நகரங்களும் மட்டைக்குப் பெயர்பெற்று விளங்குகின்றன. 1928 முதல் 1956 வரை நடந்த ஆறு ஒலிம்பிக் ஹொக்கிப் போட்டிகளிலும் இந்தியா தொடர்ந்து பொற்பதக்கம் பெற்றது மரமட்டையைக் கொண்டேயாம். 1932 இல் லொஸ் ஏஞ்சலஸ் நகருக்குச் செல்லும் வழியில் அவ்வணி இலங்கையிலும் ஆடிச் சென்றது. அவ்வணியின் வீரர் தியான் சந்தின் மட்டைக்குள் காந்தம் இருக்கின்றதோ என்று அயல்நாட்டார் ஐயுற்று அதனை உடைத்துப் பார்த்தனர் என்றொரு கதையும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அதன் கருத்து மெய்: வித்தை மட்டையில் இல்லை, மணிக்கட்டில் உள்ளது.

பின்னர் ஆடுகளம் மாறிற்று. 1976 இல் மொன்றியலில் நடந்த ஒலிம்பிக் ஹொக்கி, முதன்முறையாகச் செயற்கைப் புற்றரையில் ஆடப்பெற்றது. இறுதியாட்டத்தில் நியூசிலாந்து ஒன்றுக்குச் சுழி என்ற கணக்கில் அவுஸ்திரேலியாவை வென்றது. அதுகாறும் பதக்கமின்றித் திரும்பியறியாத இந்தியா ஏழாம் இடத்தை அடைந்தது. மேடுபள்ளமற்ற களத்திலே பந்து விரைந்தோடியது. விரைவுக்கேற்ற விறைப்பான மட்டை வேண்டப்பட்டது. மரத்தின்மேற் கண்ணாடி நார் சுற்றிய மட்டைகள் முதலில் வந்தன. 1990களில், மரமே இல்லாது காபன் நாரையும், கண்ணாடி நாரையும், கெவ்லார் என்று வழங்கும் அரமிட் நாரையும் பிசினிலே தோய்த்து, உள்ளே வெறுமையாக வார்த்த மட்டைகள் களம்புகுந்தன. இன்று உயர்நிலை ஆட்டத்தில் அவையே கோலோச்சுகின்றன.

இவற்றைக் கண்டு, இனி மட்டை செய்தல் பெருந்தொழிற்சாலைக்கே உரியது என்று நாம் ஒதுங்கிவிடுகின்றோம். அவ்வாறு ஒதுங்குதல் தகாது. சர்வதேச ஹொக்கிச் சம்மேளனத்தின் விதிகளைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். மட்டை 737 கிராமுக்கு மேற்படலாகாது. 105 சென்ரிமீற்றருக்கு மேல் நீளலாகாது. 51 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள வளையத்தினூடே நுழைந்து வெளிவரல் வேண்டும். அதன் வில்வளைவு 25 மில்லிமீற்றரை விஞ்சலாகாது. கூரிய விளிம்பு இருத்தலாகாது. பொருளைப் பற்றியோ விதி சொல்லும் தடை ஒன்றே: உலோகம் கூடாது. ஏனையவை, ஆட்டத்துக்குத் தகுதியும் ஊறின்மையும் உடையனவாயின், அனைத்தும் ஆகும். விதி திறந்துவைத்த கதவை நாமே ஏன் சாத்திக்கொள்ளல் வேண்டும்?

நிற்க. முன்னர்க் குறித்த உறவுக்கு வருவோம். பனையிலும் தென்னையிலும் ஓலையைத் தாங்கும் தண்டுக்கு மட்டை என்று பெயர். காய்ந்த தென்னைமட்டையைச் செதுக்கிப் பந்தடித்து மகிழாத சிறுவர் நம் ஊர்களில் அரியர். கடையில் வாங்கும் ஆட்டக்கோலையும் நாம் அப்பெயராலேயே அழைக்கின்றோம். பெயர் நம்முடையது, பொருள் மட்டும் பிறருடையதாய்விட்டது.

இன்னும் ஒன்று. தொல்காப்பியத்தின் மரபியலில், உள்ளே வயிரமுடையவற்றை மரம் என்றும், வெளியே வயிரமுடையவற்றைப் புல் என்றும் ஆசிரியர் பகுக்கின்றார். முன்னது அகக்காழ், பின்னது புறக்காழ். பனையும் தென்னையும் மூங்கிலும் புறக்காழ் என்ற பகுப்பிலே அடங்குவன. வகுப்பில் இப்பாடத்தை நடத்தும்பொழுது மாணவர் மனனம் செய்து ஒப்புவிப்பர். அவ்வளவோடு அது முடிந்துவிடும். ஆயின், பழைய முசுக்கட்டை மட்டை அகக்காழ் என்பதையும், இன்றைய காபன் மட்டை, வெளியே வலிமையும் உள்ளே வெறுமையும் கொண்டிருத்தலால், அமைப்பிற் புறக்காழ் என்பதையும் எண்ணிப் பார்ப்பின் வியப்புத் தோன்றும். ஆலையிலே கோடிக்கணக்கிற் செலவிட்டுச் செய்யும் அமைப்பு, நமது வளவின் எல்லையிலே பனையாக நின்று சோளகக் காற்றுக்கு ஈடுகொடுத்துக்கொண்டிருக்கின்றது.

அதன் காரணத்தைப் பௌதிகம் கூறும். ஒரு கோல் வளையும்பொழுது ஒருபுறம் இழுபடும், மறுபுறம் நெருக்குண்ணும். நடுவிலுள்ள பகுதிக்கோ வேலை மிகக் குறைவு. உருண்டையான கோல் ஒன்றின் நடுவே, அதன் விட்டத்திற் பாதியளவு துளை குடைவோமாயின், எடையில் நாலில் ஒரு பங்கு நீங்கிவிடும். விறைப்பிலோ பதினாறில் ஒரு பங்கே குறையும். இலேசும் உறுதியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதும், விலையுயர்ந்த பொருளினும் பொருளை வைக்கும் இடமே பெரிதென்பதும் இதனால் விளங்கும். இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து.

இனி, நம்மிடையே உள்ள பொருள்களை நடுநிலையோடு ஆராய்வோம். பனைமரத்தின் வயிரம் வலியது. ஆனால் பாரமானது, இழைவழியே பிளப்பது, வளைய மறுப்பது. ஆதலின், நாம் போற்றும் கற்பகதருவே ஆயினும், அதன் மரம் மட்டைத் தலைக்கு உதவாது. மூங்கில் அவ்வாறன்று. சிம்புகளாகப் பிளந்து, உலர்த்தி, அனலிற் காட்டினால் வளையும். பசையிட்டு அடுக்கினால் இறுகும். கைபிடியின் உள்ளீட்டுக்கு, வேலியிலே கதியாலாக நிற்கும் முள்முருக்கின் மென்மையான மரம் ஏற்றது. நார்வகையிலே தென்னந்தும்பு நெகிழ்ந்து நீளும் இயல்பினது. அடியைத் தாங்கும், விறைப்பைத் தராது. வாழைநாரும் கற்றாழை நாரும் சணல்நாரும் அதனினும் இழுவிசைக்கு வலியன. நெல்லறுத்த வயலிலே பசளைக்காக விதைத்து உழுதுவிடும் சணலே அது என்பதை இளையோர் அறிதல் நன்று. கண்ணாடி நாரோடு ஒப்பிடுங்கால் இந்நார்கள் அடர்த்தியிற் குறைந்தவை, எனவே இலேசானவை. நடுவே முருக்கு, அதனைச் சூழ மூங்கிற் சிம்பு, அதன்மேற் பிசினில் தோய்த்த சணற்றுணி என்று அமைப்போமாயின், அது நாமே ஆக்கிய புறக்காழ் ஆகும். தலைக்கு மட்டும், வளைவு வழியே ஒட்டிய மெல்லிய அடுக்குகளும் மேலதிக நார்ச்சுற்றும் வேண்டப்படும். மட்டை முதலில் முறிவதும் தேய்வதும் ஆங்கேயாம்.

இலேசு என்பதையும் தெளிவாக உணர்தல் வேண்டும். தராசு காட்டும் எடை வேறு, கை உணரும் எடை வேறு. ஒரே நிறையுள்ள இரு மட்டைகளுள் தலைப்பாரம் மிகுந்தது சுழற்றும்பொழுது கனக்கும். பாரம் கைப்பக்கம் நெருங்கியது இலேசாக இயங்கும். உறுதியும் அவ்வாறே. இயற்கை நாரின் பெரும்பகை ஈரம். நாரைச் சோடாக்காரத்தில் அளவறிந்து கழுவினால் பிசின் நன்கு பற்றும்; விளிம்பெல்லாம் பிசினால் மூடினால் நீர் புகாது. மறந்துவிட்டால் ஒரு மாரிக்கே மட்டை ஊதிப் பிளந்துவிடும்.

இவையெல்லாம் ஏட்டளவில் இனிக்கும். களத்தில் நிற்குமா என்பதைச் சோதனையே கூறல் வேண்டும். அச்சோதனைக்குப் பெரும் பொறிகள் வேண்டியதில்லை. மட்டையை இரு தாங்கிகளின்மேற் கிடத்தி, நடுவிற் படிகளைத் தொங்கவிட்டு, எத்தனை மில்லிமீற்றர் தாழ்ந்தது என்று அளக்கலாம். நீரில் ஊறவைத்து மீண்டும் நிறுக்கலாம். குறித்த உயரத்திலிருந்து குறித்த பாரத்தைத் தலைமேல் விழவிட்டு, எத்தனையாவது அடியில் வெடிப்புத் தோன்றியது என்று எண்ணலாம். முறிந்த மட்டையை எறிந்துவிடாது, முறிந்த இடத்தையும் முறையையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். உயர்தர வகுப்பில் 2013 ஆம் ஆண்டுமுதல் தொழில்நுட்பப் பிரிவு உண்டு. அம்மாணவர்க்கு இதனினும் தக்க செயற்பாடு யாது? முறிவது பந்தாடும் பிள்ளையின் முகத்தருகே ஆகலாம் என்பதை மட்டும் ஒருகணமும் மறத்தலாகாது. சோதனை முடித்துப் பொறுப்பாசிரியர் ஒப்புக்கொள்ளும்வரை எம்மட்டையும் களத்துக்குச் செல்லலாகாது. பிசினைக் கையாளும்பொழுது கையுறையும், நாரை அராவும்பொழுது முகமூடியும் இன்றியமையாதன.

மறுப்புரைகளை நாம் அறியாதோமல்லோம். “சியால்கோட்டிலிருந்து மலிவான மட்டைகளை வரவழைத்தால் விடயம் முடிந்ததே” என்பர் சிலர். வரவழைக்கலாம், முதலாண்டுக்கு அதுவே விரைவான வழியுமாகும். ஆனால் வாங்கிய மட்டை தேய்ந்தபின் மீண்டும் கையேந்தல் வேண்டும். செய்யக் கற்ற கை தேய்வதில்லை. “மூங்கில் மட்டை காபன் மட்டைக்கு நிகராகுமோ?” என்பர் வேறு சிலர். ஆகாது. தேசிய அணிக்கு ஆடுவோனுக்கு அவனுக்குரியதைப் பெற்றுக் கொடுத்தலே முறை. ஆனால் பந்தை நிறுத்தவும் தள்ளவும் இன்றுதான் பழகும் பிள்ளைக்கு, மிக விறைத்த மட்டை உதவியன்று, தடையே. பந்து அதிற் பட்டுத் துள்ளி ஓடிவிடும். சற்றே நெகிழும் மட்டையே கற்போனுக்குத் தோழன். “படிப்புக் கெடும்” என்று அஞ்சும் பெற்றோர்க்கு எமது விடை இது: அகக்காழையும் புறக்காழையும் கையால் இழைத்துப் பார்த்த மாணவன், அவற்றைப் பரீட்சைக்குப் பின்னும் மறவான்.

ஆதலின், பழைய மாணவர் சங்கத்தார்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. இவ்விழாவின் நினைவாக எழும் நிதியிலே ஒரு சிறு பங்கை ஒரு பட்டறைக்கு ஒதுக்குக. தச்சுமேசை ஒன்று, பிடிகருவிகள் சில, வளைவச்சு இரண்டு, ஒரு தராசு, பிசின், முதலாண்டுக்கு வேண்டிய மூங்கில்: இவை போதும். ஊரிலுள்ள தச்சர் ஒருவரைக் கூலிகொடுத்து வரவழைத்து, ஆசிரியரென்று மதித்து, பிள்ளைகள் முன் நிறுத்துக. பொறியியல் கற்று உள்நாட்டிலும் கடல்கடந்தும் வாழும் பழைய மாணவர் பலர். அவர்கள் காபன் மட்டை பத்து அனுப்புவதினும், விடுமுறையில் வந்து பத்து நாள் எம்மாணவரோடு பட்டறையில் நிற்றல் பெருங்கொடையாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் உள்ளது. ஐயம் எழுமிடத்து அங்கும் சென்று வினவலாம்.

முதலாண்டிலே செய்யும் மட்டைகளிற் பெரும்பாலானவை முறியக்கூடும். முறியட்டும். ஒவ்வொரு முறிவும் அடுத்த மட்டைக்கு ஒரு பாடம். அவற்றுள் ஒன்று நின்றுபிடித்து, மட்டையில்லாக் காரணத்தால் வேலியோரத்தில் நின்ற ஒரு பிள்ளை அதனை ஏந்திக் களத்தில் இறங்குவானாயின், இவ்விழாவுக்கு அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை. நம் கல்லூரி வாழ்க. அதன் மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஆடுக.