மலையடியில் டின் பழம்

‘பீச் காப்ளர்’ செய்ய ஆசைப்படும் திண்டுக்கல் நண்பர்கள் எனக்குச் சிலர் உண்டு. முதலில் அவர்கள் ஓடுவது டின் பழக் கடைக்கு. அடுத்தது புலம்பல்: “வீட்டில் ஓவன் இல்லையே!”

ஆசையில் குற்றமில்லை. இந்த ஓட்டமும் புலம்பலும்தான் பொறுக்கவில்லை. காப்ளர் பிறந்ததே இல்லாமையில்தான், ஐயா! 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போனவர்கள், கையில் கிடைத்த பழத்தை இரும்புச் சட்டியில் இட்டு, மேலே மாவைப் பரப்பி, மூடிமேலும் கங்குகளைப் போட்டு வேகவைத்தார்கள். மூடிமேல் கங்கு போடும் வித்தையைப் பிரியாணிக்குப் பேர்போன ஊருக்கா கற்றுத்தர வேண்டும்?

பழத்துக்குத்தான் பஞ்சமா? கொடைக்கானலில் பீச்சும் பிளம்ஸும் பேரிக்காயும் விளைகின்றன. அவை கிடைக்காத மாதங்களில் சிறுமலை வாழை இருக்கிறது. நீர்ச்சத்து குறைந்த பழம், மாவுக்கு அடியில் கரைந்து ஓடாது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதே, அதற்குப் பேர் வாங்கித் தந்ததும் விருப்பாச்சி மலை வாழைதான். கப்பலேறி வந்த பழமல்ல.

அந்த மலை வாழையை ஏற்கெனவே முடிக்கொத்து நோய் வாரிக்கொண்டு போயிற்று. மிஞ்சியதை நம் அலட்சியமும் கொண்டுபோக வேண்டுமா? வாங்குகிறவன் இருந்தால்தானே நடுகிறவன் இருப்பான்!

தாராளமாகக் காப்ளர் செய்யுங்கள். மலையைப் பார்த்துக்கொண்டே டின்னைத் திறக்காதீர்கள்.