பந்தய வண்டி வாங்கப் போகும் தம்பிமாருக்கு

"ஐயா, மோட்டோகுரோஸ் ஓடுவதற்குப் புது வண்டி ஒன்று எடுக்கப் போகிறேன். எதை எடுக்கலாம்?" ஊவாப் பக்கத்து இளைஞர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் கேட்கும் கேள்வி இது. பத்திரிகைக்காகப் பல ஆண்டுகள் ஓடுபாதைகளின் ஓரத்தில் நின்றவன் என்பதால் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் பசறை, ஹாலி-எல, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள். கொழும்புக் கடையிலோ வளைகுடா நாட்டிலோ உழைத்துச் சேர்த்த காசு கையில் இருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வண்டி புது வண்டியாக இருக்க வேண்டாம், பெரிய வண்டியாகவும் இருக்க வேண்டாம். காரணங்களைக் கீழே தருகிறேன். வண்டியை விட முக்கியமான இன்னொரு விடயமும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். பதுளை மாவட்டத்துப் பிள்ளைக்குப் பந்தயம் என்றால் தியத்தலாவைதான். 1900 ஆம் ஆண்டில் போயர் யுத்தக் கைதிகளை அடைத்துவைத்த அந்த மலைப்புல்வெளி, பின்னர் இராணுவப் பயிற்சிக் களமாயிற்று. அங்கே 1993 இல் தொடங்கிய ஃபொக்ஸ் ஹில் சுப்பர் குரோஸ், சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் மலைநாட்டையே திரட்டும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. வேலைக்குப் போன பிள்ளைகள் ஊர் திரும்பும் காலம் அது. சிறு வயதில் தகப்பனின் தோளில் இருந்து அதைப் பார்த்தவன், இருபது வயதில் தானும் ஓட நினைப்பதில் வியப்பு எதுவும் இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 இன் தொடக்கத்தில்தான் மீண்டும் வழிக்கு வந்தது. இடையில் ரூபாயின் பெறுமதி சரிந்துவிட்டது. 2020 இன் தொடக்கத்தில் 180 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர், இன்று 300 ரூபாய் அல்லது அதற்கு மேல். அமெரிக்கச் சந்தையில் ஜப்பானிய 125 சீசீ டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டி ஒன்றின் விலை ஏறத்தாழ 7,000 டொலர்; 250 சீசீ ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி 9,000 டொலரை அண்மிக்கிறது. தீர்வையும் கப்பல் கூலியும் சேர்க்காமலே முன்னையது 21 இலட்சம் ரூபாய், பின்னையது 27 இலட்சம் ரூபாய். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமாக 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தொகை 1,350 ரூபாய். அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் வேலை கிடைத்து, ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும், 125 வண்டிக்கே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கை ஒரு தாய் போட்டுப் பார்த்தால் அன்றிரவு அவளுக்கு உறக்கம் வராது.

அத்துடன், பந்தய வண்டிக்கு விளக்கு இல்லை, ஹோர்ன் இல்லை, இலக்கத் தகடு இல்லை. அதை வீதியில் ஓட்ட முடியாது. பதிவுப் புத்தகத்தை நம்பிக் கொடுக்கப்படும் லீசிங் வசதிக்கு அது பொருந்தாது. எனவே காசு முழுவதும் கையிலிருந்தோ அடகுக் கடையிலிருந்தோ வர வேண்டும். பந்தயத்துக்குக் கொண்டுபோகச் சிறிய லொறி ஒன்றும் பிடிக்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பது அடுத்த கேள்வி. 250 ஃபோர் ஸ்ட்ரோக்கின் இழுவை சீரானது. திருப்பத்தில் கியர் தவறினாலும் மன்னித்து ஏற்றிச் செல்லும். ஆனால் அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 13,000 சுழற்சிக்கு மேல் சுழல்வது. வால்வு இடைவெளியைக் காலத்துக்குக் காலம் அளக்க வேண்டும். பிஸ்டனை மணிக்கணக்குப் பார்த்து மாற்ற வேண்டும். தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் முழுவதும் போய்விடும். 125 டூ ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை. பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவது, கைநேர்த்தியுள்ள பண்டாரவளை மெக்கானிக் ஒருவருக்கு ஒரு பிற்பகல் வேலை. எடையும் ஏறத்தாழ பத்துக் கிலோ குறைவு. அதன் சக்தி ஒரு குறுகிய இடைவெளிக்குள் மட்டுமே கிடைப்பதால், ஓட்டுபவன் கியரையும் கிளட்சையும் சரியாகப் பழகியே தீர வேண்டும். பழகுகிறவனுக்கு அது நல்ல வாத்தியார். 450 சீசீ வண்டியைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம். முதல் வண்டியாக அதை வாங்குவது உயிரோடு விளையாடுவது.

கடையில் யாரும் சொல்லாத இரண்டு விடயங்கள். முதலாவது, ஸ்பிரிங். ஜப்பானிய வண்டிகள் பெரும்பாலும் 70 கிலோவுக்கு மேற்பட்ட ஓட்டுநரை மனத்தில் வைத்தே அமைக்கப்படுகின்றன. நம் பிள்ளைகளில் பலர் 55, 60 கிலோ. முழு உடுப்புடன் ஏறி அமர்ந்தால் பின்புறம் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். நன்றாக இறுகிய ஸ்பிரிங் உள்ள வண்டி, சிறிய ஆளைத் தூக்கி எறியும். புது வண்டிக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தில் ஒரு பகுதியை எடைக்கேற்ற ஸ்பிரிங்குக்குக் கொடுத்தால் நேரமும் குறையும், எலும்பும் தப்பும்.

இரண்டாவது, உயரம். தியத்தலாவை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,250 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விடப் பத்து வீதத்துக்கும் மேல் குறைவு. கொழும்பில் சரிசெய்த கார்புரேட்டர் இங்கே பெற்றோலைக் கூடுதலாகக் குடித்து இருமும். சிறிய ஜெட் போட வேண்டும். அதே வண்டியை மின்னேரியாவுக்கோ அநுராதபுரத்துச் சாலியபுரத்துக்கோ கொண்டுபோனால் பெரிய ஜெட்டை மறுபடி போட்டாக வேண்டும். மறந்தால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

எனவே என் தேர்வு, நன்றாகப் பேணப்பட்ட பழைய 125 டூ ஸ்ட்ரோக். வாங்கும்போது சூடாக்கி வைத்த எஞ்சினைப் பார்க்காதீர்கள். ஆறிய எஞ்சினை நீங்களே உதைத்துப் பாருங்கள். சட்டகத்தில் ஒட்டு வேலை இருக்கிறதா, பின்சக்கர இணைப்புகளில் ஆட்டம் இருக்கிறதா, காற்று வடிகட்டியின் உட்புறத்தில் புழுதி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே புழுதி இருந்தால் எஞ்சினும் அந்தப் புழுதியைத் தின்றிருக்கும். சுங்கப் பத்திரம் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். அதற்கும் முன்னால், ஓட விரும்பும் போட்டியின் வகுப்பு விதிகளை வாசியுங்கள். வீதி வண்டியை அடிப்படையாகக் கொண்ட வகுப்புகளும் இங்கே உண்டு. ஒருவேளை உங்களுக்கு அதுவே போதும். வண்டி விலையில் பேரம் பேசுங்கள். தலைக்கவசம், பூட்ஸ், மார்புக் கவசம் ஆகியவற்றில் பேச வேண்டாம். ஒரு தடவை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை இலவசமாகத் தந்தாலும் வாங்கக் கூடாது.

புது வண்டியே பாதுகாப்பானது என்று சிலர் வாதிடுகிறார்கள். பிரேக்கும் சட்டகமும் தேயாதவை என்ற அளவில் அது உண்மை. ஆனால் காசு முழுவதையும் வண்டியில் கொட்டியவன், தேய்ந்த டயருடனும் பழைய பிஸ்டனுடனும் இரண்டாம் ஆண்டு ஓடுவதை நான் பல முறை கண்டிருக்கிறேன். இது பணக்காரர் விளையாட்டு, தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கி, முறைவைத்துப் பழகி, தேர்ந்தவனைப் போட்டிக்கு அனுப்பலாம். கிரிக்கெட் மட்டையைப் பகிர்ந்தே வளர்ந்த சமூகம் நம்முடையது.

முக்கியமான விடயம் என்று தொடக்கத்தில் சொன்னது இனித்தான். 2024 ஏப்ரல் 21 ஆந் திகதி, சில ஆண்டு இடைவெளிக்குப் பின் நடந்த ஃபொக்ஸ் ஹில் போட்டியில், பாதையை விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அன்று இறந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் போட்டிப் பணியில் நின்றவர்களும். ஓட்டுபவனுக்குத் தலைக்கவசம் இருக்கிறது. ஓரத்தில் நிற்பவனுக்கு நடுவிலுள்ள தூரமும் தடுப்பும் மட்டுமே கவசம். தடுப்பு எங்கே, கூட்டம் எத்தனை மீற்றர் தள்ளி நிற்கிறது, அம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடியாத போட்டியில் பெயர் கொடுக்காதீர்கள். ஓட்டுநர்கள் மறுத்தால் போட்டி நடக்காது. அந்தப் பலம் உங்களிடம்தான் இருக்கிறது.

பயிற்சி விடயமும் இதோடு சேர்ந்ததே. பழகுவதற்கு இடமில்லாத காரணத்தால் தோட்டப் பாதைகளில் ஓட்டுகிறார்கள். கொழுந்து மூட்டையோடு வரும் தாய்மாரும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் நடக்கும் பாதைகள் அவை. பதிவும் காப்புறுதியும் இல்லாத வண்டி ஒரு பிள்ளையை மோதினால், அந்தக் குடும்பத்துக்கு அந்த வண்டியின் காப்புறுதியிலிருந்து நட்டஈடு கிடைக்க வழியே இல்லை.

தேயிலை கைவிடப்பட்ட நிலங்கள் ஊவாவில் உண்டு. மண்சரிவு அபாயம் இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்து, சுற்றிலும் தடுப்பு அமைத்து, சிறிய பயிற்சிப் பாதை ஒன்றைத் திறக்க மாகாண விளையாட்டுத் திணைக்களமும் தோட்டக் கம்பனிகளும் சேர்ந்தால் முடியும். தேர்தல் காலத்தில் இளைஞர்களுக்குப் பந்தும் சீருடையும் கொண்டுவரும் அரசியல்வாதிகளிடம் இந்த முறை இதைக் கேளுங்கள். அந்தப் பாதை வரும்வரை, வண்டி வாங்க வைத்திருக்கும் காசு வங்கியிலேயே இருக்கட்டும்.