ரப்பர் தாளில் உருளாத ஒளி

சூரியன் ரப்பர் தாளைக் குழித்து வைத்திருக்கிறது, பக்கத்தில் வரும் ஒளி அந்தக் குழியில் சரிந்து வளைகிறது: பொதுச்சார்பியலை விளக்கும் மேடைப் பேச்சும் பள்ளிக் கண்காட்சியும் பல காலமாக இந்த ஒரே வாக்கியத்தில்தான் பிழைப்பை ஓட்டுகின்றன. இழுத்துக் கட்டிய ரப்பர், நடுவில் இரும்புக் குண்டு, ஓரத்தில் உருட்டிவிட ஒரு கோலி, முடிவில் கைதட்டல். 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்று ஊன்றிய பேராக்கில் இந்த விளக்கத்துக்குக் கூடுதல் மவுசு இருப்பதில் வியப்பில்லை. பாலில் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து அழுத்தி, புகைக்கூடத்தில் தொங்கவிட்ட ஷீட்டைத் தோட்டத்துக் குடும்பங்கள் கண்ணால் கண்டவை. ரப்பர் தெரிந்தவர்களுக்கு ஐன்ஸ்டைனும் தெரிந்துவிட்டது என்று பேச்சாளர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

தாள் குழிவது பூமி குண்டைக் கீழே இழுப்பதால். கோலி சரிவதும் அதே இழுப்பால்தான். ஈர்ப்பை விளக்க வந்த பொருள் ஈர்ப்பையே கடன் வாங்கி நிற்கிறது. குழியைக் கவிழ்த்து மேடாக்கினாலும் அந்தப் பரப்பின் வடிவியல் மாறாது. கோலி மட்டும் வெளியே ஓடிவிடும்.

ஒளி நேர்வழியை விட்டு விலகுகிறது என்பதும் தவறு. வளைந்த காலவெளியில் இருப்பதிலேயே நேரான வழியில்தான் அது போகிறது. சூரியனருகே ஒளி களைத்து மெதுவாகிறது என்பாரும் உண்டு. அந்த இடத்திலேயே நின்று அளந்தால் அங்கும் வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டர்தான்.

இவையெல்லாம் சில்லறை. பெரிய ஓட்டை, தாளில் காலமே இல்லை என்பது. சூரியனுக்கு அருகில் கடிகாரம் மெதுவாக ஓடும். இந்த ஒன்றை மட்டும் வைத்து 1911இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டபோது, சூரிய விளிம்பை உரசி வரும் ஒளி 0.83 விகலை வளையும் என்று வந்தது. திருத்திய கணக்கில் 0.87. விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு. 1915இல் வெளியின் வளைவையும் சேர்த்ததும் விடை இரட்டித்து 1.75 ஆயிற்று. ஆக, எவ்வளவு தாராளமாகப் பொருள் கொண்டாலும் ரப்பர் தாள் காட்டுவது பின்னால் வந்து சேர்ந்த பாதியை மட்டுமே. ஐன்ஸ்டைன் முதலில் கண்ட பாதி அதில் எந்த மூலையிலும் கிடையாது. பாதிக் கணக்கைக் காட்டிவிட்டு முழுக் கைதட்டலை வாங்கிக்கொள்ள மேடையில்தான் முடியும்.

வானம் முழுக் கணக்கையே ஒப்புக்கொண்டது. 1919 மே 29 கிரகணத்தில் பிரின்சிப்பி, சொப்ரால் ஆகிய இரு இடங்களில் எடுத்த அளவைகள் முறையே 1.61, 1.98 விகலை தந்தன, சொப்ராலில் குவியம் கெட்ட இன்னொரு கருவி தந்த 0.93ஐ ஆய்வாளர்களே ஒதுக்கிவிட்டார்கள். 1922இல் ஆஸ்திரேலியாவின் வல்லாலில் 1.72. 1929 மே 9 கிரகணத்தின் முழுநிழல் சுமத்ரா, கெடா வழியாகச் சென்றது. அன்று சுமத்ராவின் தகெங்கோனில் வானியலாளர் ஃபிராய்ண்ட்லிஷின் குழு அளந்தது 2.24. கூடுதல்தான், ஆனாலும் பாதிக்காரர்களுக்கு அதில் ஆறுதல் இல்லை.

குழியில் இறங்கி ஏறுவதால் வழி நீண்டு ஒளி தாமதமாகிறது என்பது ரப்பர் தாளுக்காகச் சொல்லப்படும் கடைசி வாதம். வானியற்பியலாளர் ஷாப்பிரோ 1964இல் முன்வைத்த இந்தத் தாமதம், சூரியனுக்குப் பின்புறமுள்ள கோளுக்கு ரேடார் அலை போய்த் திரும்புவதில் ஏறத்தாழ 200 மைக்ரோவினாடி. காசினி விண்கலம் 2002இல் அனுப்பிய ரேடியோ அலைகள், ஒரு லட்சத்தில் சில பங்குக்கு மேல் பிசகாமல் பொதுச்சார்பியலின் கணக்கோடு ஒத்துப்போயின. அந்தத் தாமதத்திலும் பாதி, காலத்தின் பங்கு.