டயர் வண்டியும் ப்ளூரே தட்டும்

டிவிடிய ப்ளூரே ஒழிச்சுக் கட்டிருமான்னு கேட்டா, "இல்லீங்க"ங்கறதுதான் என் பதில். ப்ளூரே 2006-ல கடைக்கு வந்துச்சு. இத்தனை வருசம் கழிச்சும் வெளிநாட்டுல பல படங்களை டிவிடியாவும் ப்ளூரேயாவும் சேர்த்தேதான் வெளியிடறாங்க. பழசு இன்னும் சாகல. ஆனா ரெண்டையும் சேர்த்து ஓரங்கட்ட வேற ஒண்ணு வந்துருச்சு.

சென்னையில வேலை பார்க்கற என் அக்கா மகன் போன வாரம் போன்ல, "மாமா, வீட்ல இருக்கற டிவிடியெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ப்ளூரேயா வாங்கிச் சேர்க்கலாமா?"ன்னு கேட்டான். டவுன்ல இருக்கற பல பேருக்கு இந்த யோசனை இருக்கும். அதான் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிச்சு எழுதறேன்.

புதுசு நல்லா இருக்கறதால மட்டும் பழசு போயிடாதுங்க. வீட்ல என்ன இருக்கு, கையில காசு எவ்வளவு இருக்கு, பழைய சரக்கு புது மெசின்ல ஓடுமா, இந்த மூணுதான் முடிவு பண்ணும்.

எங்க ஊருல ஒரு காலத்துல டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ராத்திரி பூரா மூணு படம் போடுவாங்க. அப்புறம் விசிடி வந்துச்சு. ஒரு தட்டுல 74 நிமிசம்தான் பிடிக்கும். நம்ம படம் ரெண்டரை மணி நேரம் ஓடுமே, அதனால ரெண்டு தட்டு, சிலதுக்கு மூணு. சண்டை உச்சத்துல இருக்கறப்போ எந்திரிச்சுப் போய்த் தட்டு மாத்தணும். ஆனாலும் கேசட்டை விசிடி விரட்டிருச்சு. நாடா சிக்கறதில்ல, முன்னாடி பின்னாடி சுத்த வேண்டியதில்ல, விலையும் கம்மி.

அடுத்து டிவிடி. படத்துல இருக்கற புள்ளிய எண்ணுனா விசிடிக்கு நாலு மடங்கு. முழுப் படமும் ஒரே தட்டுல. அதைவிட முக்கியம், டிவிடி பிளேயர்ல பழைய விசிடியும் ஓடுச்சு. சேர்த்து வச்சது எதுவும் வீணாகல. 2007 வாக்குல மோசர் பேர் கம்பெனி விசிடிய 28 ரூபாய்க்கும் டிவிடிய 34 ரூபாய்க்கும் விட்டப்போ, 6 ரூபா வித்தியாசத்துக்கு யாருங்க விசிடி வாங்குவா?

இப்ப ப்ளூரேக்கு வருவோம். தட்டு அதே அளவு, 12 சென்டிமீட்டர். அப்புறம் எப்படி 4.7 ஜிபி பிடிச்ச இடத்துல 25 ஜிபி பிடிக்குது? நாத்து நடவு மாதிரி நினைச்சுக்கங்க. வயல் அதே ஒரு ஏக்கர்தான். வரிசைக்கு வரிசை இடைவெளிய நெருக்குனா நாத்து அதிகம் நடலாம். டிவிடில வரிசை இடைவெளி 0.74 மைக்ரான். ப்ளூரேல 0.32. அவ்வளவு நெருக்கத்துல படிக்க மெல்லிசான ஒளி வேணும். அதான் சிவப்பு லேசரை விட்டுட்டு நீலம் கலந்த ஊதா லேசருக்குப் போனாங்க. பேரே அதுல இருந்து வந்ததுதான். படத்தோட புள்ளிகள எண்ணுனா, நம்மூர் டிவிடிக்கு சரியா அஞ்சு மடங்கு. சந்தேகமே இல்லாம நல்ல சரக்கு.

நல்ல சரக்கு எங்க ஊருக்குள்ள ஏன் வரல?

அப்ப எங்க ஊர்ல பாதி வீட்ல இருந்தது, 2006-ல இருந்து அரசாங்கம் குடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவி. அந்தக் குழாய் டிவியில ப்ளூரே போட்டாலும் டிவிடி போட்டாலும் ஒண்ணுதான். அஞ்சு மடங்கு புள்ளிய அனுப்புனா வாங்கிக் காட்ட டிவிக்குத் திராணி வேணுமில்ல? மூணு இன்ச் பைப்புல வர்ற தண்ணிய ஒரு இன்ச் ஓஸ் வழியா பாய்ச்சற கதைதான். புது பிளேயர், புது டிவி, விலை கூடுன புதுத் தட்டு, மூணையும் ஒண்ணா வாங்குன்னா வெள்ளாமை பண்றவன் எங்க போவான்?

வசதி இருக்கற ஊர்லயும் ஜனங்க யோசிச்சாங்க. ஆரம்பத்துல ப்ளூரேக்குப் போட்டியா தோஷிபாவோட எச்டி டிவிடி இருந்துச்சு. எது ஜெயிக்கும்னு தெரியாம பல பேர் கைய கட்டிட்டு நின்னாங்க. 2008 பிப்ரவரியிலதான் தோஷிபா விலகுச்சு. இன்னொன்னு, ப்ளூரே பிளேயர்லயே டிவிடியும் ஓடுது. புது மெசின் வாங்குனவனும் பழைய தட்டையே போட்டுப் பார்த்துக்கிட்டான். டிவிடி விசிடிய விரட்ட உதவுன அதே குணம், இங்க டிவிடிய உசுரோட வச்சுது.

எங்க ஊர் மாட்டு வண்டி கதையும் இதேதான். மரச்சக்கர வண்டிய விட டயர் வண்டி ரொம்ப உசத்தி. மாட்டுக்குப் பாரம் தெரியாது, பாதி சத்தம்கூட இருக்காது. ஆனா மாட்டு வண்டிங்கற தொழிலையே முடிச்சு வச்சது டயர் வண்டி இல்ல, குட்டியானை. அதே மாதிரி டிவிடி பிளேயர் முன்னாடி பென் டிரைவ் சொருக ஒரு சின்ன ஓட்டை வந்துச்சு பாருங்க, அப்பவே தட்டுக்கு நாள் குறிச்சாச்சு. அப்புறம் மெமரி கார்டு. 2016-க்கு அப்புறம் நெட் விலை இறங்கவும், களை வெட்டற ஆளுக கூட மத்தியானச் சோத்துக்கு உக்காந்தா போன்ல படம் பார்க்கறாங்க. நெட்ஃபிளிக்ஸே தபால்ல டிவிடி அனுப்பி ஆரம்பிச்ச கம்பெனிதான். அந்தத் தபால் வேலைய 2023 செப்டம்பரோட நிறுத்திருச்சு.

சரி, போனா போகட்டும்னு விட்டுரலாமா? எனக்கு இதுல ரெண்டு கவலை இருக்குங்க.

ஒண்ணு, வெதை சமாச்சாரம். தட்டு கையில இருந்தா அது நம்ம குதிருல கிடக்கற வெதை நெல்லு. பக்கத்து வீட்டுக்குக் குடுக்கலாம், பத்து வருசம் கழிச்சும் எடுக்கலாம். மாசச் சந்தா கட்டிப் பார்க்கறது வருசா வருசம் கடையில வாங்கற வீரிய ஒட்டு வெதை மாதிரி. இந்த வருசம் இருக்கும், அடுத்த வருசம் கம்பெனி நிறுத்திட்டா நமக்கு வழி இல்ல. நேத்து வரைக்கும் இருந்த படம் இன்னிக்குக் காணோம்னு நீங்களே பார்த்திருப்பீங்க. அதனால மனசுக்குப் புடிச்ச பத்துப் படத்தையாவது தட்டா வச்சுக்கங்க. டிவிடியா ப்ளூரேயான்னு கேட்டா, பெரிய டிவி இருந்தா ப்ளூரே வாங்குங்க. பழசை ஏன் தூக்கிப் போடணும்? அதே மெசின்ல ஓடுமே.

இன்னொன்னுதான் பெரிய கவலை. சினிமாப் படத்தை எவனாவது ஒருத்தன் புது வடிவத்துல திரும்பப் போட்டுருவான். உங்க அப்பத்தா கும்மி அடிச்சதை எந்தக் கம்பெனி போடும்? எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்குப் பெரியவங்க ஆடுன ஒயிலாட்டம் ஒரு கேசட்ல இருக்கு. அதுல ஆடுனவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்ல. அந்த அடவு தெரிஞ்ச ஆளும் இல்ல. கல்யாணக் கேசட், சீர் வீடியோ, செத்துப்போன தாத்தனோட குரல், எல்லாம் வீட்டுக்கு வீடு அட்டாலியில தகரப் பொட்டிக்குள்ள பூஞ்சை புடிச்சுக் கிடக்குது. உலகத்துல கடைசியா டெக் செஞ்சுக்கிட்டிருந்த ஜப்பானிய ஃபுனாய் கம்பெனியும் 2016 சூலையில நிறுத்திருச்சு. இருக்கற டெக்கெல்லாம் ரிப்பேரானா அதோட சரி.

ஸ்டுடியோக்காரர் எழுதிக் குடுத்த கல்யாண டிவிடிய நம்பியும் இருந்துராதீங்க. கடையில விக்கற படத்தட்டு அச்சுல அழுத்தி எடுத்தது. நமக்கு எழுதித் தர்றது சாயத்துல பதிஞ்சது. வெயிலும் சூடும் பட்டா சாயம் வெளுத்துரும், அப்புறம் எந்த மெசினும் படிக்காது.

அதனால இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வர்றவங்க கரும்பு, மஞ்சக்கொத்தோட அட்டாலியையும் ஒரு எட்டு பாருங்க. கேசட் இருந்தா, டெக் ஓடற நிலையில வச்சிருக்கற ஸ்டுடியோவ இப்பவே தேடிப் புடிச்சு மாத்திருங்க. டிவிடி இருந்தா கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. ஒரு பிரதி உங்க வீட்ல, இன்னொன்னு அண்ணன் தம்பி வீட்ல இருக்கட்டும். யார் கல்யாணம், எந்த வருசம், அதுல இருக்கற பெரியவங்க பேரென்னன்னு, அடையாளம் சொல்ற ஆளு இருக்கறப்பவே கேட்டு ஒரு தாள்ல எழுதிப் போடுங்க. அடுத்த தலைமுறைக்குப் படம் தெளிவா தெரியாட்டியும், அது யாருன்னாவது தெரியணுமில்லீங்களா.