கப்பல் ஏறும் முன் பட்டணத்தில் இரண்டு நாள்



ஜவ்வாது மலையிலும் அடிவாரத்திலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடையே சில மாதங்களாக ஒரு பேச்சு நடக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் சங்க உறுப்பினர்கள் குடும்பத்தோடு ஒருமுறை போய் வர வேண்டும் என்பதே அது. நல்ல யோசனை. பொங்கலுக்கு ஒரு நாள், மே 5 வணிகர் தினத்துக்கு ஒரு நாள் என்று ஷட்டரை இறக்குகிற நமக்கு, நாலு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க உரிமை உண்டு.

நமக்கு மாற்றுக் கருத்து ஒரே ஒரு விஷயத்தில்தான். “ராத்திரி கடையைப் பூட்டி வேன் ஏறினால் விடியற்காலை சென்னை, மத்தியானம் கப்பல். நடுவில் லாட்ஜ் வாடகை எதற்கு?” என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு நமக்குச் சரியாகப் படவில்லை. கப்பல் நாளுக்கு முன்பாக முழுசாக இரண்டு நாள் சென்னையில் தங்க வேண்டும் என்பதே நம் கட்சி. காரணங்களைச் சொல்கிறோம்.

முதலில் கப்பலைப் பற்றி விஷயம் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து இந்தப் பயணத்தைத் தொடங்கி வைத்தார். கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ என்ற கப்பல் அது. 1990-ல் கட்டப்பட்டது, 11 தளங்கள், ஏறத்தாழ 800 அறைகள். 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் பயணம் தொடங்கியது. வருஷம் முழுவதும் சென்னையில் கப்பல் நிற்பதில்லை. எந்த மாதம் எந்தத் தடம் என்பதை முன்கூட்டியே கேட்டு அறிய வேண்டும்.

2022-ல் நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கப்பலில் சூதாட்டக் கூடம் இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியதால் புதுச்சேரி அரசு அப்போது அனுமதி தரவில்லை. புதுவையைப் பார்க்கலாம் என்று பணம் கட்டியவர்கள் இறங்க முடியாமல் போயிற்று. கடல் பயணத்தில் அலை, காற்று, அரசாங்க உத்தரவு எதுவும் நம் கையில் இல்லை. சென்னையில் நாம் தங்கும் இரண்டு நாளை மட்டும் யாரும் ரத்து செய்ய முடியாது.

இப்போது நம் மலைப் பாதைக்கு வருவோம். ஜமுனாமரத்தூரிலிருந்தோ புதூர்நாட்டிலிருந்தோ இறங்குகிற வழி எப்படிப்பட்டது என்பதை இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கப்பல் ஓடிய மாதங்களோ ஜூன் முதல் மழைக்காலத்தை ஒட்டியவை. ஒரு மரம் சாய்ந்தால், கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால், மூன்று மணி நேரம் போய்விடும். பலசரக்கு லோடு தாமதமானால் மறுநாள் இறக்கிக்கொள்ளலாம். கப்பல் அப்படிக் காத்திருக்காது. அது கிளம்பும் நேரம் என்று சீட்டில் போட்டிருப்பது நாம் போய்ச் சேர வேண்டிய நேரமும் அல்ல. பல மணி நேரம் முன்னதாகவே பெட்டி சோதனை, அடையாளச் சோதனை எல்லாம் முடித்து, வாயிலை மூடிவிடுவார்கள்.

திருவண்ணாமலை வழியாகப் பஸ்ஸில் வர நினைப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, அந்தப் பக்கத்துப் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து துறைமுகம் 30 கிலோமீட்டருக்கு மேல். பெட்டி படுக்கையோடு, வயதானவர்களோடு, காலை நேர நெரிசலில் அந்தத் தூரத்தைக் கடப்பது எளிதல்ல. ஜோலார்பேட்டை வரை வந்து ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் சென்ட்ரலிலேயே இறங்கலாம். நம் பக்கத்து மக்களுக்கு அதுதான் சௌகரியம். அந்த ரயிலைப் பிடிக்கவும் முதல்நாள் மாலையே மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். ஆக, ஒரு நாள் மிச்சம் என்று சொல்கிறவர்கள் உண்மையில் மிச்சம் பிடிப்பது தூக்கத்தைத்தான்.

கப்பலுக்கு முன் துறைமுகப் பட்டணத்தில் தங்குவது ஒன்றும் புது நாகரிகம் அல்ல. 1926-ல் கட்டப்பட்ட ‘ராஜுலா’ கப்பலில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரன் பேத்திகள் நம் வாடிக்கையாளர்களில் இருக்கிறார்கள். பழைய வடாற்காடு ஜில்லாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன கூலி ஜனங்களை ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாமில் தங்க வைத்து, டாக்டர் பார்த்த பிறகுதான் கப்பலில் ஏற்றினார்கள். பிறகு வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-ல் தீப்பிடித்ததோடு அந்த ஓட்டம் நின்றது. அவர்கள் கட்டாயத்துக்குக் காத்திருந்தார்கள். நாம் விருப்பப்பட்டுக் காத்திருக்கப் போகிறோம், அவ்வளவே வித்தியாசம்.

அடுத்தது கடையடைப்பு. நாலு நாளே கஷ்டம், ஆறு நாளா என்று கேட்பவர்களின் பயம் நியாயமானது. மலையில் ஒரு கடை மூடினால் அது ஒரு கிராமத்துக்கே உப்பு, தீப்பெட்டி இல்லாத நாள். வாடிக்கை ஒருமுறை பக்கத்து ஊருக்கு நடந்துவிட்டால் திரும்பி வருவது உறுதியில்லை. இதற்கு வழி, எல்லோரும் ஒரே தடவையில் போகாமல் இரண்டு அணியாகப் போவதுதான். முதல் அணி போகும்போது இரண்டாம் அணிக் கடைகள் திறந்திருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒரு வாரம் முன்பே சிலேட்டில் எழுதி மாட்டினால் ஜனங்கள் முன்னதாகவே வாங்கிக்கொள்வார்கள். சாமை விதைப்பு நடக்கும் ஆனி, ஆடியில் மலையில் கைக்காசு ஓட்டம் குறைவு, கடன் நோட்டு எழுதும் காலம். அப்போது இரண்டு நாள் கூடுதலாகப் போனால் குடி முழுகிவிடாது. மாதம் 20-ந் தேதி ஜி.எஸ்.டி. கணக்கு, சந்தை நாள், இவற்றை மட்டும் விட்டுத் தேதி குறித்தால் போதும்.

இதையெல்லாம் விட முக்கியமான காரணம் வீட்டுப் பெண்கள். கல்லாவில் உட்கார்ந்து, புளி உருண்டை பிடித்து, சாமை புடைத்து, பொட்டலம் மடித்து, நாம் லோடு எடுக்கப் போகும் நாளில் கடையையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள். நம் வீட்டில் கடலைப் பார்த்தது ஒரே தடவை. திருச்செந்தூருக்கு வேண்டுதலுக்குப் போனபோது அரை மணி நேரம். அப்படிப்பட்டவர்களை ராத்திரி முழுக்க வேனில் குலுக்கி, கசங்கிய புடவையோடு கப்பல் படியில் ஏற்றி, முதல் நாள் முழுக்கத் தூங்க வைப்பதற்கா இவ்வளவு பணம் கட்டுகிறோம்? வேறு ஊர் வியாபாரிகள் சிலர் அப்படித்தான் போய் வந்தார்கள். தலைசுற்றலும் வாந்தியும் தவிர வேறெதுவும் ஞாபகமில்லை என்று அவர்கள் வீட்டில் சொன்னதாகக் கேள்வி.

சென்னையில் என்ன பார்ப்பது? மால்களில் குளிர்காற்று வாங்கிவிட்டு வருவதற்கு நாம் மலையை விட்டு இறங்க வேண்டாம், குளிர்காற்று நம் ஊரிலேயே கிடைக்கிறது. சென்னையே வியாபாரிகள் உண்டாக்கிய பட்டணம். நம் தொழிலின் சரித்திரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதல் நாள் காலை லாட்ஜில் குளித்து, சாப்பிட்டு, ஓய்வெடுக்கட்டும். பிற்பகல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஐம்பொன் சிலைகள். 1851-ல் தொடங்கியது அது. சாயங்காலம் மெரினா. கடற்கரைச் சாலையில் வட்டமாக ஒரு கட்டடம், விவேகானந்தர் இல்லம். ஐஸ் ஹவுஸ் என்பது அதன் பழைய பெயர். அமெரிக்காவில் டியூடர் என்ற வியாபாரி குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பி விற்றார். அந்தச் சரக்கை இருப்பு வைக்க 1842-ல் கட்டிய கிடங்குதான் இது. வெல்லத்திலும் புளியிலும் இரண்டு கிலோ எடை குறைந்தாலே நாம் லாரிக்காரரோடு மல்லுக்கு நிற்கிறோம். அவரோ மாதக்கணக்கில் கடலில் உருகிக்கொண்டே வருகிற சரக்கை வைத்து லாபம் பார்த்திருக்கிறார்! பின்னால் இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அந்தக் கட்டடத்தில்தான் 1897-ல் விவேகானந்தர் தங்கினார். கிடங்கு கட்டுகிற ஒவ்வொருவரும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டிய இடம்.

இரண்டாம் நாள் காலை கோட்டை. 1640-ல் கிழக்கிந்தியக் கம்பெனி துணி வியாபாரத்துக்காகக் கால் ஊன்றிய இடம். உள்ளே 1680-ல் கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. கப்பல் தேதியைப் பார்த்து இதை முன்பின் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து ஜார்ஜ் டவுன். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோவில், பக்கத்தில் கந்தகோட்டம், தேவராஜ முதலித் தெருவில் சென்ன கேசவரும் சென்ன மல்லீசுவரரும். கோட்டைக்கு அருகே இருந்த இவர்களின் பழைய கோவிலைக் கம்பெனியார் இடித்த பிறகு, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று இங்கே கட்டினார். கோவில் முடிந்து கோடவுன் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, கொத்தவால் சாவடி. 1996-ல் காய்கறி மொத்த மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் இந்தத் தெருக்களில் மொத்த வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவர் “வழி, வழி” என்று கத்திக்கொண்டு வருவதைக் கேட்டால் நமக்கே தெம்பு வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை: சரக்கு வாங்கி மூட்டை கட்டிவிடாதீர்கள். கப்பலில் மிளகு மூட்டைக்கு இடமில்லை. விலை விசாரித்து, கார்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் போதும். நம் மலைத் தேனுக்கும் சாமை அரிசிக்கும் அங்கே என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நாம் மலையில் கொடுக்கும் விலையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யோசிக்க வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கும். அதை வேறொரு இதழில் எழுதுகிறோம்.

பாரிமுனையிலிருந்து நடந்தால் உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் ஒரு கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு வீசிய அடையாளம். ‘சரியான எம்டன்’ என்று நாம் சிலரைச் சொல்கிறோமே, அந்த வார்த்தை பிறந்த இடம். எதிரே பர்மா பஜார், கடற்கரை ரயில் நிலையம், துறைமுகம் எல்லாம் கிட்டத்தில். மறுநாள் எந்த வாயில் வழியாகப் போக வேண்டும் என்பதை அன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளலாம். துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலா படகில் அலையோடு போராடித்தான் ஜனங்கள் கரை சேர்ந்தார்கள். 1881-ல் துறைமுகம் முடியும் தறுவாயில் புயல் வந்து சுவர்களைப் பெயர்த்துப் போட்டது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு மறுநாள் கப்பலைக் காட்டினால் அது வேறு மாதிரி தெரியும்.

காவலூரில் நம் மலை மேலேயே, 1986-ல் திறந்த பெரிய தொலைநோக்கி இருக்கிறது. சென்னைக்காரர்கள் காரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம் கடைக்காரர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? பார்க்கிற பழக்கமே நமக்கு விட்டுப் போய்விட்டது. அந்தப் பழக்கத்தை நேரே கப்பலில் தொடங்குவதைவிட, நம் பாஷையில் பேசுகிற பட்டணத்தில் தொடங்குவது சுலபம்.

செலவைப் பற்றி. விளம்பரத்தில் போடும் கட்டணத்தோடு துறைமுகக் கட்டணமும் வரியும் சேர்ந்தால் தொகை மாறிவிடும். மொத்தத் தொகையை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டக் கூடாது. அதில் கடல் பார்க்கும் ஜன்னல் அறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைச் சென்னை லாட்ஜுக்குத் திருப்பலாம் என்பது நம் அபிப்பிராயம். கடலை மேல்தளத்தில் நின்றே பார்க்கலாம். பெரியமேடு, எழும்பூர், மண்ணடிப் பக்கம் சாதாரண லாட்ஜ்கள் உண்டு. இலங்கைத் தடம் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பிக்கட்டும். உள்நாட்டுத் தடத்துக்கும் அசல் அடையாள அட்டை தேவை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைச் சென்னையிலேயே சரிபார்த்து நாலு நாளுக்குக் கூடுதலாக வாங்கிக்கொள்ள வேண்டும். நகைகளைப் பீரோவில் வைத்துவிட்டு வருவது உத்தமம்.

கப்பல் கட்டணம் தாங்காதவர்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை போகும் படகு இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்கும் இதே யோசனைதான்: முதல் இரண்டு நாள் நாகூர், வேளாங்கண்ணி, சிக்கல்.

அடுத்த செயற்குழுவில் இந்தப் பொருள் வரும்போது மூன்று முடிவுகள் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இரண்டு அணிகளாகப் பெயர்ப் பட்டியல். கப்பல் நாளுக்கு முன் இரண்டு இரவுத் தங்கல். உறுப்பினர்களின் மனைவிமார் இருவரையாவது ஏற்பாட்டுக் குழுவில் சேர்ப்பது. அறை, சாப்பாடு, எந்தக் கோவில் முதலில் என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்யட்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஆனி பிறப்பதற்குள் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம்.