மாலை போட இடம் எங்கே?

ஒரு படம் பார்த்துவிட்டு எழுந்திருக்கிறோம். கதாநாயகனின் பெயர் தெரியும். கதாநாயகி கட்டியிருந்த புடவையின் கரைகூட ஞாபகத்தில் நிற்கும். “அந்த அப்பாவாக வந்தாரே, பாவம், என்னமாய் அழுதார்! அவர் பேர் என்ன?” என்று யாராவது கேட்டால் மட்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்கிறோம். “அவர்தான்... எல்லாப் படத்திலும் வருவாரே, அவர்!” என்று சொல்லிச் சமாளிக்கிறோம்.

குணசித்திர நடிகர்களுடைய தலையெழுத்து இது. அண்ணனாக, மாமனாராக, மேனேஜராக, வீட்டுச் சமையற்காரனாக வந்து கதையைத் தோளில் தாங்கிப் போகிறவர்கள் அவர்கள். ஜனங்கள் கை தட்டுவதோ வேறு யாருக்கோ.

திருப்பூர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பனியனை எடுத்துக் காட்டும் கடைக்காரர் மார்பில் அச்சடித்திருக்கும் படத்தைத்தான் காட்டுவார். உள்பக்கம் ஓடுகிற ஓவர்லாக் தையலை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தையல் விட்டுப் போனால் படமும் இல்லை, பனியனும் இல்லை என்பது மெஷினில் உட்கார்ந்து தைத்தவளுக்குத் தெரியும். சினிமாவில் குணசித்திர நடிகர் அந்த ஓவர்லாக் தையல்.

உயிரோடு இருக்கும்போதே பெயர் மறந்து போகிறவர்கள், போன பிறகு எங்கே இருக்கிறார்கள்? நினைத்துக் கொண்டு ஒரு முழம் பூ வைக்க வேண்டுமானால் எங்கே போவது?

மேல் நாடுகளில் இதற்கு வழி இருக்கிறது. பாரிஸ் நகரத்துப் பெர் லாஷேஸ் மயானத்துக்கு, மோலியேர் என்ற நாடகாசிரியரின் சமாதியைப் பார்க்க இன்றும் ஆட்கள் போகிறார்கள். ஊரைச் சிரிக்க வைத்த நடிகரும் அவரே. 1673-ல் அவர் இறந்தபோது, கூத்தாடி என்ற காரணத்தால் முறைப்படி அடக்கம் செய்யவே பாதிரிமார்கள் தயங்கினார்கள். மன்னர் தலையிட்ட பிறகு, இரவு நேரத்தில்தான் புதைத்தார்கள். அப்படிப்பட்டவருக்குப் பிற்காலத்தில் நாடே மரியாதை செய்தது. 1817-ல் பெர் லாஷேஸில் அவருக்குச் சமாதி எழுந்தது.

நம் நாட்டில் பெரும்பாலோரைத் தகனம் செய்து விடுகிறோம். அஸ்தி ஆற்றோடும் கடலோடும் போய் விடுகிறது. பார்ப்பதற்கு ஒரு கல்லும் மிஞ்சுவதில்லை. விதிவிலக்காகச் சிலர் உண்டு. தூத்துக்குடியில் பிறந்து, ஆடியும் பாடியும் நம்மைச் சிரிக்க வைத்த சந்திரபாபு, 1974 மார்ச் மாதம் காலமானார். சென்னை சாந்தோம் பக்கத்தில் உள்ள குயிபிள் தீவுக் கல்லறையில் அவர் உறங்குகிறார். மோட்டாரை மாடி வரை ஓட்டிப் போகும்படி வீடு கட்ட ஆசைப்பட்டவர் அவர். அந்த வீடு அவருக்குத் தங்கவில்லை. தங்கியது ஆறடி நிலம்தான்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். திருப்பூரிலிருந்து பஸ் ஏறினால் சுமார் 50 கிலோ மீட்டரில் தாராபுரம். அமராவதி ஆற்றங்கரை ஊர். 1933-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி, கன்னடம் பேசும் மாத்வக் குடும்பம் ஒன்றில் ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பனார் கிருஷ்ணராவ் ரயில்வே உத்தியோகஸ்தர். பிள்ளைக்கு நாகேஸ்வரன் என்று பெயர்.

ஆமாம், நம் நாகேஷ்தான்! அவர் தாராபுரத்துக்காரர் என்பது திருப்பூரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு விழுந்த இளைஞன். உடம்போ ஒல்லி. “இந்த முகத்தை யார் பார்ப்பார்கள்?” என்று வேறொருவர் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார். நாகேஷ் சென்னைக்குப் போனார். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்தார். ரயில்வேக்காரர்கள் போட்ட நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாக ஒரு சின்ன வேஷம் கட்டினார். தலைமை வகிக்க வந்திருந்த எம்.ஜி.ஆர்., அந்த வயிற்றுவலிக்காரனைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டிப் பரிசு கொடுத்தார். கதாநாயகர்களை விட்டுவிட்டு வயிற்றுவலிக்காரனுக்கா பரிசு என்று மற்றவர்கள் வாயைப் பிளந்திருப்பார்கள்!

1959-ல் ‘தாமரைக்குளம்’ படத்தில் தலை காட்டினார். 1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’. பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் எடுத்த காட்சிகள் அந்தப் படத்தில் உண்டு. சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ், தகப்பனாராக டி. எஸ். பாலையா. மகன் பேய்க் கதை சொல்கிறான். தகப்பனார் கேட்கிறார், அவ்வளவுதான் காட்சி. கதாநாயகனும் கிடையாது, கதாநாயகியும் கிடையாது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்குப் போட்டாலும் பேரன் பேத்தி எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சொன்னவரின் கெட்டிக்காரத்தனம் பாதி என்றால், பயந்து நடுங்கிக் கேட்டவரின் கெட்டிக்காரத்தனம் மீதிப் பாதி.

அதே வருஷம் ‘சர்வர் சுந்தரம்’ வந்தது. ஹோட்டல் சர்வர் ஒருவன் சினிமா நட்சத்திரமாகிறான். பணம் வருகிறது, பெயர் வருகிறது. பெற்றவள் சாகக் கிடக்கும்போது மட்டும் அவனால் பக்கத்தில் இருக்க முடியவில்லை. அந்தக் கட்டத்தில் அழாத பெண்கள் உண்டா? அந்தத் தாயாக நடித்தவர் எஸ். என். லட்சுமி. இளம் வயதிலேயே தாய் வேஷம் கட்டத் துணிந்த அம்மாள், கடைசிவரை எத்தனையோ நடிகர்களுக்கு அம்மாவாகவும் பாட்டியாகவும் நடித்தார். 2012-ல் காலமானார். நமக்காக அழுத அந்த முகம் ஞாபகம் இருக்கிறது. பெயரைத்தான் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

1965-ல் ‘நீர்க்குமிழி’யில் ஆஸ்பத்திரியில் சாவை எதிர்பார்த்துக் கொண்டே மற்ற நோயாளிகளைச் சிரிக்க வைப்பவர், ‘திருவிளையாட’லில் தருமி. 1968-ல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தி. ‘எதிர் நீச்ச’லில் மாடிப்படி மாது. மாது என்கிற அந்த அநாதைப் பையன், பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் மாடிப்படிக்குக் கீழே படுத்துக் கொண்டு, எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்வான். ஒரு வீட்டில் மிஞ்சிய சோறு, இன்னொரு வீட்டில் மிஞ்சிய குழம்பு. நம் தெருவிலும் அப்படி ஒரு பையன் இருந்திருப்பான். பார்த்தும் பாராமல் போயிருப்போம். நாகேஷ் நடித்துக் காட்டிய பிறகுதான் நெஞ்சில் சுருக்கென்றது.

சம்பாதித்த பணத்தில் தியாகராய நகரில் தம் பெயராலேயே ஒரு தியேட்டர் கட்டினார். இன்று அந்தத் தியேட்டரும் இல்லை. பத்ம விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. அறுபது வயதுக்கு மேல், ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பனாக நடித்ததற்குத் தேசிய விருது கிடைத்தது. எந்த விருது தெரியுமோ? சிறந்த துணை நடிகர்! வாழ்நாளெல்லாம் ‘துணை’யாக நின்றவருக்குப் பொருத்தமான விருதுதான்.

அதே 1994-ல் ‘மகளிர் மட்டும்’ என்றொரு படம். வேலைக்குப் போகும் மூன்று பெண்களையும், அவர்களிடம் அடாவடி செய்யும் மேலதிகாரியையும் பற்றிய கதை. பனியன் கம்பெனிக்கோ ஆபீஸுக்கோ போய் வரும் சகோதரிகள் அவசியம் பார்க்க வேண்டியது. அதில் நாகேஷுக்குப் பிணம் வேஷம்! ஒரு வார்த்தை பேசவில்லை, கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அந்தப் பெண்கள் தள்ளுகிற பக்கமெல்லாம் சாய்ந்தார், விழுந்தார். தியேட்டரே குலுங்கியது. சாவையே சிரிக்க வைத்துவிட்ட மனிதர் என்று சொன்னால் தகும்.

2008-ல் ‘தசாவதாரம்’. 2009 ஜனவரி 31-ந் தேதி, 75-வது வயதில், சென்னையில் கண்ணை மூடினார். தகனமும் அங்கேயே. இதில் ஒரு விசேஷம் கேளுங்கள். அவர் பிறந்தபோது தாராபுரம் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1979-ல் பெரியார் மாவட்டத்துக்குப் போயிற்று. அதுவே பின்னால் ஈரோடு மாவட்டம் என்றாயிற்று. அவர் மறைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே 2009 பிப்ரவரியில் திருப்பூர் மாவட்டம் உதயமாயிற்று. தாராபுரம் அதில் சேர்ந்தது. தாம் திருப்பூர் ஜில்லாக்காரர் ஆகப் போகிற சமயத்தில் மனிதர் புறப்பட்டு விட்டார்!

கொஞ்சம் மேற்கே போனால் சிங்காநல்லூர். எஸ். வி. சகஸ்ரநாமம் 1913-ல் பிறந்த ஊர். ‘பராசக்தி’யில் நீதிபதி அண்ணனாக வந்தாரே, அவர்தான். ‘போலீஸ்காரன் மகள்’ படத்தில் கண்டிப்பான தகப்பனாரும் அவரே. டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் பையனாக வளர்ந்தவர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1944-ல் வழக்கில் சிக்கிச் சிறைக்குப் போனபோது, அவருடைய நாடக சபா கலைந்து போகாமல் நடத்திக் காட்டியவர். நண்பன் சிறையில் இருக்கும்போது அவன் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக் கொள்வது சின்ன விஷயமா? பிறகு ‘சேவா ஸ்டேஜ்’ என்று சொந்தக் குழு அமைத்து, பாரதியாரின் பாஞ்சாலி சபதத்தை மேடை ஏற்றினார். நடிகர் முத்துராமனைப் போன்றவர்களை உருவாக்கினார். 1988-ல் மறைந்தார்.

கோயமுத்தூரில் பிறந்த இன்னொருவர் சி. டி. ராஜகாந்தம். 1941-ல் வந்த ‘சபாபதி’யில் காளி என். ரத்தினத்தோடு சேர்ந்து அடித்த கூத்தை மறக்க முடியுமா? பாடகர் திருச்சி லோகநாதனுக்கு அவர் மாமியார். மேடை ஏறுகிற பெண்ணை ஊர் ஒரு தினுசாகப் பார்த்த காலத்தில், சிரிப்பு வேஷம் கட்டி, வாயாடியாகவும் வேலைக்காரியாகவும் நடித்து, கௌரவமாகக் குடும்பம் நடத்திய அம்மாள். கதாநாயகிக்கு அழகு போதும். சிரிப்பு நடிகைக்குத் துணிச்சல் வேண்டும்.

நம் ஜனங்களுக்கு நன்றி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1957-ல் மறைந்த கலைவாணருக்குச் சென்னை தியாகராய நகரில் சிலை இருக்கிறது. 1969 பொங்கல் சமயத்தில், நோயோடு வந்து அதைத் திறந்து வைத்தவர் முதலமைச்சர் அண்ணா. கலைவாணருக்கு எத்தனையோ பாட்டு எழுதிக் கொடுத்த உடுமலை நாராயண கவி, உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பூளவாடியில் பிறந்தவர். 1981-ல் மறைந்த அவருக்கு உடுமலைப்பேட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக் கொண்டு ஒரு நடை போய் வரலாம்.

ஆனால் எத்தனை பேருக்கு மணிமண்டபம் கட்ட முடியும்? அண்ணனாக, அம்மாவாக, போலீஸ்காரராக, தபால்காரராக நடித்து மறைந்தவர்கள் நூற்றுக் கணக்கானோர். அவர்களுக்குக் கல்லும் வேண்டாம், காரையும் வேண்டாம். பெயரைச் சொன்னால் போதும். அதற்குச் செலவு கிடையாது. சர்க்கார் உத்தரவும் தேவையில்லை.

பழைய படங்களில் நடிக நடிகையரின் பெயர்களை ஆரம்பத்திலேயே போடுவார்கள். அந்த நேரத்தில்தான் நாம் அடுப்பை அணைக்கப் போவோம், துணியை மடிப்போம், “கதை ஆரம்பித்ததும் கூப்பிடு” என்போம். இனி அப்படிச் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கும் லீவு, பள்ளிக்கூடத்துக்கும் லீவு. டெலிவிஷனில் பழைய படம் போடுகிறார்கள். குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு, ஓடுகிற பெயர்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தும் பழகும்! அப்புறம் அந்த அப்பா வரும்போது, அந்த அம்மா வரும்போது, “இவர் பேர் இன்னது, நம் ஊர்ப் பக்கத்துக்காரர்” என்று சொல்லுங்கள்.

அடுத்த தடவை யாராவது “அந்த அப்பாவாக வந்தாரே, அவர் பேர் என்ன?” என்று கேட்டால், உங்கள் வீட்டுப் பொடியன் முந்திக் கொண்டு பதில் சொல்லட்டும். தாராபுரத்துக்காரர் மேலே இருந்து கேட்டு, வழக்கம்போல் ஒரு கோணங்கி செய்து காட்டுவார்.